நடையும் துவிச்சக்கர வண்டியும்: பயனை அளக்கும் முறை

எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல் என அளவு நால்வகைப்படும் என்பது தமிழ் மாணவர் கீழ்வகுப்பிலேயே கற்கும் செய்தி. மாங்காயை எண்ணியும், பொன்னை எடுத்தும், நெல்லை முகந்தும், ஆடையை நீட்டியும் அளப்பர். எப்பொருளுக்கு எவ்வளவு உரியதோ அதனாலேயே அப்பொருளை அளத்தல் வேண்டும். நெல்லை முழக்கோலால் அளக்கப் புகுவானைக் கண்டாற் சிறுவரும் நகைப்பர். ஆயினும், கற்றோர் கூடித் திட்டம் வகுக்கும் அவைகளிலே இத்தகைய பிழை நெடுங்காலம் நிகழ்ந்து வந்துள்ளது. நடந்து செல்வோர்க்கும், சைக்கிள் என நாம் வழங்கும் துவிச்சக்கர வண்டியிற் செல்வோர்க்குமென அரசினரும் நகர சபையினரும் செய்யும் திட்டங்களை அளந்த முறை அதற்குத் தக்க சான்றாகும். "இவ்வாண்டு இத்தனை கிலோமீற்றர் நடைபாதை இட்டோம்" என்று அறிக்கை கூறும். அது நீட்டலளவு. அப்பாதையில் நடந்தவர் எத்துணைப் பேர், அவர் யாவர், ஊறின்றிச் சென்றனரா என்பன எண்ணியறிய வேண்டியவை. இவ்விரண்டையும் பிரித்தறிதலே இக்கட்டுரையின் நோக்கம்.

இஃது ஏட்டளவில் நிற்கும் ஆராய்ச்சியன்று. உலக சுகாதார நிறுவனம் 2023இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2021ஆம் ஆண்டில் உலகெங்கும் வீதி விபத்துகளால் இறந்தோர் ஏறத்தாழ 11 இலட்சத்து 90 ஆயிரம் பேர். அவருள் அரைவாசிக்கு மேற்பட்டோர் பாதசாரிகளும், சைக்கிளிலும் மோட்டார்ச் சைக்கிளிலும் சென்றோருமாவர். வீதியில் மிக எளியராய் நிற்கும் இவரே கணக்கேடுகளிலும் எளியராய் இருந்தனர். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் பொறியியலாளர் பயன்படுத்தும் வீதிக் கொள்திறன் கைந்நூல், 1965ஆம் ஆண்டுப் பதிப்பிலே வீதியின் தரத்தை ஆறு படிகளாக வகுத்தது. அத்தரம் மோட்டார் வண்டிகள் தடையின்றி ஓடுதலை நோக்கியே கணிக்கப்பட்டது. ஒரே வீதியைப் பாதசாரி, சைக்கிளோட்டி, பஸ் பயணி, காரோட்டி ஆகிய நால்வர் நிலையினின்றும் ஒருங்கே வைத்துத் தரமிடும் முறை 2010ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான் இடம்பெற்றது. எது அளக்கப்படுகிறதோ அதற்கே பணம் ஒதுக்கப்படும். அளக்கப்படாதது பிறர் கண்ணுக்குத் தோன்றாது.

வேலையும் பயனும்

கமக்காரன் ஒருவன் தன் தோட்டத்துக்குச் செலவிட்ட பணம் ஒன்று. துலாவால் இறைத்த நீர் மற்றொன்று. விளைந்த வெங்காயம் வேறொன்று. முதலாவது முதல், இரண்டாவது வேலை, மூன்றாவதே பயன். பணமும் நீரும் இன்றேல் விளைவும் இல்லை. ஆதலின் அவற்றையும் குறித்து வைத்தல் வேண்டும். ஆயினும், மிகுதியாக நீர் இறைத்தவன் மிகுதியாக விளைத்தான் என்று கொள்ளுதல் பேதைமை. வழிந்தோடிய நீர் அயற்காணியிற் புல்லை வளர்த்திருத்தலும் கூடும்.

நடைவழி, சைக்கிள்வழித் திட்டங்களிலும் இம்மூன்றும் உள. செலவிட்ட ரூபாய் முதல். இட்ட பாதை, வரைந்த மஞ்சட் கடவை, நாட்டிய விளக்குக் கம்பம் என்பன வேலை. முன்னர் நடவாதோர் நடந்தமையும், அஞ்சியோர் அச்சம் நீங்கியமையும், இறப்பும் காயமும் குறைந்தமையும் பயன். முதலையும் வேலையையும் கந்தோரில் இருந்தபடியே கணக்கிடலாம். பயனை அறிய வீதிக்கு இறங்க வேண்டும். அறிக்கைகள் முன்னிரண்டுடன் நின்றுவிடுவதற்கு இதுவே பெருங் காரணம்.

ஒல்லாந்து கற்ற பாடம்

இவ்வேறுபாட்டைத் தெளிவாகக் காட்டிய நாடு ஒல்லாந்து. யாழ்ப்பாணத்தை 1658 முதல் 1795 வரை ஆண்ட ஒல்லாந்தரின் தாயகமாகிய நெதர்லாந்தே அது. இன்று சைக்கிளுக்குப் பேர்பெற்ற அந்நாடு எக்காலத்தும் அவ்வாறே இருந்ததன்று. இரண்டாம் உலகப் போரின் பின்னர் அங்கும் கார்கள் பெருகின. 1971ஆம் ஆண்டில் அந்நாட்டு வீதிகளில் ஏறத்தாழ 3,300 பேர் இறந்தனர். அவருள் 400க்கு மேற்பட்டோர் பிள்ளைகள். அடுத்த ஆண்டிலே "பிள்ளைக் கொலையை நிறுத்துக" என்னும் பெயருடன் பெற்றோர் இயக்கமொன்று எழுந்தது. 1973இல் எண்ணெய் நெருக்கடியும் வந்து சேர்ந்தது. அரசினர் சைக்கிள்வழிகளின் பக்கம் திரும்பினர்.

1970களின் நடுப்பகுதியில் தில்பேர்க், ஹேக் ஆகிய இரு நகரங்களில், நகரை ஊடறுத்துச் செல்லும் சிறந்த சைக்கிள்வழி ஒவ்வொன்று பரீட்சார்த்தமாக அமைக்கப்பட்டது. அமைப்பதற்கு முன்னும் பின்னும் கணக்கெடுத்தனர். புதிய வழியில் நின்று எண்ணியோர்க்குப் பெருமகிழ்ச்சி. அங்கே சைக்கிளோட்டிகள் மிகக் கூடியிருந்தனர். ஆனால் நகர் முழுவதையும் நோக்கிக் கணக்கிட்டபோது, சைக்கிளில் நிகழ்ந்த பயணங்கள் குறிப்பிடத்தக்க அளவிற் கூடவில்லை. புதிய வழியிற் காணப்பட்டோருட் பலர் முன்னரே அயல் வீதிகளிற் சைக்கிளோட்டியவர். நல்ல வழி கிடைத்தவுடன் அதற்கு மாறினர். அவர்க்கு வசதியும் காப்பும் கிடைத்தன, அதுவும் பயனே. ஆயினும், புதியோரைச் சைக்கிளில் ஏற்றுதல் என்ற நோக்கத்தை ஒற்றைப் பாதை நிறைவேற்றவில்லை.

ஒரே திட்டம் வழியில் நின்று பார்த்தார்க்கு வெற்றியாயும் நகரை நோக்கினார்க்குக் குறையாயும் தோன்றிற்று. இரு கணக்குகளும் உண்மையே. வினா வேறாயினமையால் விடையும் வேறாயிற்று. நகர்க் கணக்கை எடாது விட்டிருந்தால், ஒல்லாந்தர் மேலும் பல ஒற்றைப் பாதைகளை இட்டு, அவற்றை வெற்றியென்றே கொண்டாடியிருப்பர்.

அளந்தமையாற் பிறந்தது அடுத்த முயற்சி. டெல்வ்ற் என்னும் நகரிலே 1979இல் முழு நகருக்குமான சைக்கிள்வழி வலையமைப்பொன்று திட்டமிடப்பட்டு, 1980களில் நிறைவேறியது. நம் நெடுந்தீவுக்கு ஒல்லாந்தர் இட்ட பெயர் இந்நகரின் பெயரே. நகரை ஊடறுக்கும் வழிகள், பகுதிகளை இணைக்கும் வழிகள், வீட்டு வாயில் வரை செல்லும் அயல் வழிகள் என மூவகை வழிகளை ஒன்றோடொன்று பொருத்தினர். பல இடங்களிற் புதிய பாதை இடப்படவில்லை. அறுபட்டிருந்த வழிகளைச் சிறு பாலத்தாலும் சுரங்க வழியாலும் கூட்டினர். இம்முறை நகரளவிலேயே சைக்கிட் பயணம் கூடியமை கணக்கிற் புலப்பட்டது. ஆண்டுகள் பல கழிய, வீதிகளின் அமைப்பு மாறியதாலும் சட்டங்கள் மாறியதாலும் நாடெங்கும் உயிரிழப்பும் குறைந்தது. 2023இல் அந்நாட்டில் வீதி விபத்துகளால் இறந்தோர் தொகை 684.

காட்சி, உரை, கருதல்

அளவை என்னும் சொல்லுக்குத் தமிழில் மற்றுமொரு பொருளுண்டு. உண்மையை அறியும் கருவியை அளவை என்பர் தருக்க நூலார். அருணந்தி சிவாசாரியார் சிவஞானசித்தியாரில் அளவைகள் பலவற்றைக் கூறி, அவையெல்லாம் காட்சி, கருதல், உரை என்னும் மூன்றனுள் அடங்குமெனக் காட்டுவர். நடைவழித் திட்டத்தின் பயனை அறிவார்க்கும் இம்மூன்றுமே கருவிகள். நேரே எண்ணுதல் காட்சி. மக்களை வினாவி அறிதல் உரை. இவற்றைக் கொண்டு காரணம் துணிதல் கருதல்.

காட்சியின் எளிய வடிவம், சந்தியில் ஒருவர் தாளும் பென்சிலும் கொண்டு நின்று எண்ணுதல். வீதிக்குக் குறுக்கே இட்ட இறப்பர்க் குழாயும், தரையுட் புதைத்த கம்பிச் சுருளும், மனித உடலின் வெப்பத்தை உணரும் கருவியும் இப்போது இரவு பகலாக எண்ணுகின்றன. கருவிகள் ஓயாது எண்ணும். ஆனால் சென்றவர் பெண்ணா, முதியவரா, பாடசாலைப் பிள்ளையா என்பதை மனிதக் கண்ணே அறியும். அன்றியும், இருவர் இணைந்து நடந்தால் ஒருவரென எண்ணும் குறை சில கருவிகளுக்கு உண்டு. ஆதலின், கருவியின் கணக்கை மனிதர் இடையிடையே எண்ணிச் சரிபார்ப்பர்.

எண்ணுதற்கு மூன்று ஒழுங்குகள் வேண்டும். ஒரே இடம், ஒரே பருவம், ஒரே நேரம் என்பன அவை. மாரியில் ஒருமுறையும் கோடையில் ஒருமுறையும் எண்ணி, "கூடியது" என்பது வெயிலின் பெருமையைத் திட்டத்தின் பெருமையாகக் காட்டுவதாகும். திருவிழாக் காலத்து எண்ணிக்கையைச் சாதாரண நாளின் எண்ணிக்கையோடு ஒப்பிடுதலும் அத்தகையதே. தில்பேர்க்கில் நேர்ந்த மயக்கத்தைத் தவிர்க்க, நகரின் குறுக்கே கற்பனைக் கோடொன்றைக் கீறி, அக்கோட்டைக் கடக்கும் வீதிகள் எல்லாவற்றிலும் ஒருங்கே எண்ணுவர். ஒரு வீதியை விட்டு மற்றொரு வீதிக்கு மாறியவர் அக்கணக்கிற் புதியவராய்த் தோன்றார்.

உரை என்பது மக்கள் வாக்கு. இங்கு வினாவின் அமைப்பே விடையைத் தீர்மானிக்கும். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் குடித்தொகைக் கணக்கெடுப்புத் திணைக்களம் மக்களை வினாவுவது, வேலைக்குச் செல்லும் வழக்கமான முறையை மாத்திரமே. பலமுறைகளிற் செல்வோர் மிக நீண்ட தூரத்துக்குப் பயன்படுத்தும் ஒன்றையே குறிக்க வேண்டும். வீட்டிலிருந்து அரை மைல் நடந்து பஸ் ஏறுபவர் அக்கணக்கில் பஸ் பயணி. அவர் நடை மறைந்துவிடும். பாடசாலைக்கு நடக்கும் பிள்ளையும், கடைக்கு நடக்கும் மூதாட்டியும் அக்கணக்கில் இல்லவே இல்லை.

டென்மார்க்கின் தலைநகராகிய கொப்பனேகன் இதற்கு நல்ல வழிகாட்டி. அந்நகர சபை 1995 முதல் இரண்டாண்டுக்கொருமுறை "சைக்கிட் கணக்கு" என்னும் அறிக்கையை வெளியிடத் தொடங்கியது. வணிகன் ஐந்தொகை காட்டுவது போல, எத்தனை பேர் ஓட்டுகின்றனர், எத்தனை பேர் கடுங்காயமுற்றனர் என்பவற்றோடு, "வீதியில் அச்சமின்றிச் செல்கிறீரா?" என்ற வினாவுக்கு மக்கள் அளித்த விடையையும் அதிற் காட்டினர். ஏன் சைக்கிளோட்டுகிறீர் என வினாவியபோது, விரைவும் எளிமையும் என்றே பெரும்பாலோர் கூறினர். சுற்றாடலைக் காக்க என்றவர் சிலரே. இவ்விடை திட்டம் வகுப்போர்க்கு மிகவும் பயன்பட்டது. உபதேசத்தினும் குறுக்குவழியும் தடையில்லாச் சந்தியுமே மக்களை ஈர்க்கும் என அவர் அறிந்தனர். 2011இல் வகுத்த திட்டத்திலே, 2025க்குள் பயண நேரத்தை நூற்றுக்கு 15 பங்கு குறைப்பதும், நூற்றுக்கு 90 பேர் அச்சமின்றிச் செல்லும் நிலையை எய்துவதும் இலக்குகளாயின.

அச்சத்தை அளக்கப் பிறிதொரு வழியும் உண்டு. சைக்கிளிற் செல்வோருட் பெண்கள் எத்தனை பங்கு என எண்ணுதலே அது. நெதர்லாந்தில் சைக்கிட் பயணங்களுள் அரைவாசிக்கு மேற்பட்டவை பெண்கள் செய்பவை. அமெரிக்க ஐக்கிய நாடுகளிலோ ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே. வீதி இடருடையதாயின் துணிந்த இளைஞர் மாத்திரம் ஓட்டுவர். பெண்டிரும் முதியோரும் சிறாரும் விலகுவர்.

விபத்துக் கணக்கிற் பொலிஸ் ஏடு மாத்திரம் போதாது. மோட்டார் வண்டியோடு மோதாமல், குழியில் விழுந்து காலொடிந்த சைக்கிளோட்டி பொலிஸ் நிலையம் செல்வதில்லை, வைத்தியசாலைக்கே செல்கிறார். இரண்டு ஏடுகளையும் ஒப்பிட்ட நாடுகளிலெல்லாம் வைத்தியசாலைத் தொகையே மிகுந்து காணப்பட்டது.

கருதலில் நேரும் மயக்கங்கள்

கண்டதும் கேட்டதும் கொண்டு காரணம் துணியுமிடத்தே அறிஞரும் இடறுவர். மயக்கங்கள் மூன்றை இங்கே காட்டுவாம்.

முதலாவது, எண்ணிக்கையையும் வீதத்தையும் ஒன்றெனக் கொள்ளுதல். ஓர் ஊரில் 1,000 பேர் சைக்கிளோட்ட, ஆண்டுக்கு 10 பேர் காயமுற்றனர் எனக் கொள்வோம். திட்டம் நிறைவேறியபின் 2,000 பேர் ஓட்ட, 13 பேர் காயமுற்றனர். "விபத்துக் கூடிவிட்டது" என்று ஒருவர் கூறலாம். ஆனால் நூற்றுவருக்கு ஒருவர் என இருந்த இடர், நூற்றுவருக்கு 0.65 ஆகக் குறைந்துள்ளது. இவ்வெண்களை வெறுங் கற்பனையாக எடுத்தோமல்லோம். பீற்றர் ஜேக்கப்சன் என்பார் 2003இல் வெளியிட்ட ஆய்விலே, பல நாடுகளினதும் நகரங்களினதும் கணக்குகளை ஒப்பிட்டு, நடப்போர் தொகை இருமடங்காயின் காயங்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே கூடுமென்றும், தனி ஒருவர்க்குரிய இடர் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறையுமென்றும் காட்டினார். பலர் நடப்பதால் வீதி காப்புடையதாகிறதா, காப்புடைய வீதியிற் பலர் நடக்கின்றனரா என்பது ஆராயத்தக்கதே. எவ்வாறாயினும், எத்தனை பேர் சென்றனர் என்பதை அறியாது விபத்துத் தொகையை மாத்திரம் வைத்து முடிவு கூறுதல் தகாது.

இதன் மறுபக்கம் மேலும் கொடியது. இங்கிலாந்திலே மேயர் ஹில்மன், ஜோன் அடம்ஸ், ஜோன் வைற்லெக் ஆகிய மூவர் 1990இல் வெளியிட்ட ஆய்வொன்று ஆசிரியர் அனைவரும் அறியத்தக்கது. வீதிகளிற் கார்கள் பெருகியிருந்தும், விபத்தில் இறக்கும் பிள்ளைகளின் தொகை பெரிதும் குறைந்திருந்தது. வீதிகள் காப்புடையனவாயின என்பதற்கு அதனைச் சான்றாகக் காட்டினர். ஆய்வாளரோ பிள்ளைகள் எங்கேயெனத் தேடினர். 1971இல் 7, 8 வயதுப் பிள்ளைகளுள் நூற்றுக்கு 80 பேர் பெரியோர் துணையின்றிப் பாடசாலைக்குச் சென்றனர். 1990இல் அவ்வாறு சென்றோர் நூற்றுக்கு 9 பேரே. வீதிகள் அஞ்சத்தக்கனவாயினமையால், பெற்றோர் பிள்ளைகளை வீட்டினுள் நிறுத்தினர். அல்லது காரில் ஏற்றினர். பிள்ளைகளின் உரிமை சுருங்கியதை, வீதியின் நன்மை பெருகியதாகக் கணக்கேடு காட்டிற்று. ஒருவரும் நீந்தாத கேணியில் ஒருவரும் அமிழ்ந்திறப்பதில்லை. அதனால் அக்கேணி ஆழமற்றது என்றாகாது.

இரண்டாவது மயக்கத்தை ஆசிரியர் எளிதில் அறிவர். ஒரு பரீட்சையில் மிகத் தாழ்ந்த புள்ளி பெற்ற பத்து மாணவரை எடுத்துக்கொண்டால், அடுத்த பரீட்சையில் அவருட் பலர் சிறிது உயர்ந்தே நிற்பர். அன்று காய்ச்சலாற் குறைந்தவனும், தற்செயலாய்க் குறைந்தவனும் தத்தம் இயல்பான நிலைக்குத் திரும்புவர். அதனை முற்றும் ஆசிரியரின் கண்டிப்பால் விளைந்ததெனல் பொருந்தாது. விபத்து மிகுந்த சந்திகளைத் தெரிந்தெடுத்துத் திருத்தும்போதும் இவ்வாறே நேரும். திருத்தாதுவிடினும் அடுத்த ஆண்டில் அங்கே விபத்து ஓரளவு குறைந்திருக்கும். ஆகவே, ஓராண்டைப் பாராது பல ஆண்டுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். திருத்தாத ஒத்த சந்திகளோடும் ஒப்பிட வேண்டும்.

மூன்றாவது, காலத்தின் மாற்றத்தைத் திட்டத்தின் மாற்றமெனக் கொள்ளுதல். பெற்றோல் விலை ஏறினாற் சைக்கிள் பெருகும். 1990களிற் பொருளாதாரத் தடையின் கீழிருந்த யாழ்ப்பாணத்தார்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. எரிபொருள் அருகிய அக்காலத்தில் வீதிகளைச் சைக்கிள்கள் நிறைத்தமை, எவருடைய சைக்கிட் திட்டத்தாலும் நேர்ந்ததன்று. இம்மயக்கத்துக்கு மருந்து ஒப்பீட்டு ஊர். அமெரிக்க ஐக்கிய நாடுகள் 2005இல் இயற்றிய சட்டமொன்றின்படி, மிசூரி மாநிலத்துக் கொலம்பியா, கலிபோர்னியாவின் மரின், மினசோட்டாவின் மினியாப்பொலிஸ் பகுதி, விஸ்கொன்சினின் ஷெபோய்கன் ஆகிய நான்கு இடங்களுக்குத் தலைக்கு 25 மில்லியன் டொலர் வழங்கி, நடையும் சைக்கிளும் எவ்வளவு பெருகும் எனப் பரீட்சித்தது. பணம் பெறாத ஸ்போக்கான் என்னும் நகரையும் ஒப்புநோக்குவதற்காகச் சேர்த்து, தொடக்கத்திலேயே வீட்டுமக்களை வினாவினர். 2012இல் அந்நாட்டுக் காங்கிரசுக்கு அளித்த அறிக்கை, 2007க்கும் 2010க்கும் இடையே நான்கு இடங்களினும் எண்ணப்பட்ட சைக்கிளோட்டிகள் நூற்றுக்கு 49 பங்கும், பாதசாரிகள் நூற்றுக்கு 22 பங்கும் கூடினர் எனக் கூறிற்று. இவ்வெண்ணைக் கண்டு மகிழ்வதற்கு முன், எண்ணிய இடங்கள் புதிய பாதைகளை அடுத்தவையா, நகரெங்கும் பரந்தவையா என்று கேட்க நாம் தில்பேர்க்கிலிருந்து கற்றுள்ளோம்.

யாரை அளவாகக் கொள்வது?

அளவுகோல் எவருடைய உடம்பிலிருந்து எடுக்கப்பட்டது என்பதும் நோக்கற்பாலது. கடவையில் பாதசாரிக்கு விளக்கு எரியும் நேரத்தை, அவர் நடக்கும் வேகத்தைக் கொண்டு கணிப்பர். அமெரிக்க விதிகளில் அவ்வேகம் செக்கனுக்கு 4 அடி என நெடுங்காலம் இருந்தது, 2009இல் 3.5 அடியெனக் குறைக்கப்பட்டது. 60 அடி வீதியைக் கடக்க முன்னைய கணக்கில் 15 செக்கன். பின்னைய கணக்கில் 17 செக்கனுக்குச் சற்று மேல். செக்கனுக்கு 3 அடி நடக்கும் முதியவர்க்கோ 20 செக்கன் வேண்டும். எஞ்சிய மூன்று செக்கன் அவர் வீதியின் நடுவே நிற்கும் நேரம். சராசரி மனிதன் ஏட்டில் வாழ்பவன். வீதியைக் கடப்பவர் ஒவ்வொருவரும் தனித்தனி மனிதர். எனவே, வலியோரை வைத்து அளந்த திட்டம் மெலியோர்க்கு உதவாது. மெலியோரை வைத்து அளந்தது இருவர்க்கும் உதவும்.

நாம் செய்யத்தக்கது

இம்மலரை வாசிக்கும் பழைய மாணவருட் பொறியியலாளர், வைத்தியர், உள்ளூராட்சி உத்தியோகத்தர் எனப் பலர் உளர். நடைபாதை, சைக்கிள்வழி, மஞ்சட் கடவை பற்றிய திட்டமோ அறிக்கையோ அவர் கைக்கு வருமாயின், ஐந்து வினாக்களை வினாவுதல் நன்று. தொடங்குமுன் கணக்கெடுத்தனரா? பாதையை மாத்திரமன்றி ஊரையும் எண்ணினரா? விபத்தைச் சென்றோர் தொகையால் வகுத்தனரா? ஒத்த பிறிதோரிடத்தோடு ஒப்பிட்டனரா? பெண்டிரும் முதியோரும் பிள்ளைகளும் எத்தனை பங்கினர்? இவ்வைந்துக்கும் விடையுள்ள அறிக்கை சிறிதாயினும் நம்பத்தக்கது.

மாணவர்க்கும் இதிற் பங்குண்டு. கல்லூரிக்கு அணித்தாயுள்ள ஒரு சந்தியைத் தெரிந்து, ஆசிரியர் ஒருவர் துணையுடன், பாடசாலை நடைபெறும் நாளொன்றிற் காலை ஒரு மணி நேரம் எண்ணலாம். நடப்போர், சைக்கிளில் வருவோர், மோட்டார்ச் சைக்கிளில் வருவோர், பிற வாகனங்களில் வருவோர் என நான்கு நிரல்கள் போதும். ஒவ்வொரு நிரலிலும் ஆண், பெண், பிள்ளை, முதியோர் எனப் பிரித்துக் குறிக்க வேண்டும். மழையா வெயிலா என்பதையும் எழுதுக. அடுத்த ஆண்டு அதே மாதத்தில், அதே கிழமையில், அதே மணியில் மீண்டும் எண்ணுக. இரண்டு தாள்கள் சேர்ந்தால் ஒப்பீடு பிறக்கும். பத்துத் தாள்கள் சேர்ந்தால் ஊரின் வரலாறே பிறக்கும். கணிதம், புவியியல், குடியியல் ஆகிய மூன்று பாடங்களையும் ஒருங்கே பயிற்றும் இப்பயிற்சிக்குத் தாளும் பென்சிலுமன்றி வேறு செலவில்லை.

செய்யத் தொடங்குமுன் ஆராய்தலைத் திருவள்ளுவர் தெரிந்துசெயல்வகை என ஓர் அதிகாரமாகவே வகுத்தார். செய்தபின் ஆராய்தலும் அதனோடு ஒத்த கடமையே. வீதியில் நடந்து செல்லும் பிள்ளை கணக்கேட்டில் ஓர் எண்ணாக இடம்பெறுமாயின், அப்பிள்ளை மாலையில் வீடு திரும்புதற்கு வேண்டிய வழியும் திட்டத்தில் இடம்பெறும்.